ஆவடி மாநாடும் நம் கார்ப்பஸ் ஃபண்டும்



"நம்ம ஏரியா வரலாறு பத்தி ஒரு கட்டுரை எழுதுங்க சார்" என்று செயலாளர் இரண்டு இதழ்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் முப்பத்தேழு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் சென்ற வருடப் பொதுக்குழுவில் கார்ப்பஸ் ஃபண்ட் விஷயமாக நடந்த வாக்குவாதத்துக்குப் பிறகு, எனக்கு ஆவடியில் நடந்த ஒரு மாநாடு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. பொதுக்குழுவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

1955 ஜனவரியில் இந்திய தேசிய காங்கிரஸின் 60ஆவது மாநாடு நம் ஆவடியில் நடந்தது. தலைமை வகித்தவர் யு.என். தேபர். மாநாடு நடந்த இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். சத்தியமூர்த்தி, அப்போது முதலமைச்சராக இருந்த காமராஜரின் அரசியல் குரு. டில்லியிலிருந்து பிரதமர் நேரு வந்திருந்தார். இந்த மாநாட்டில்தான், நாடு போக வேண்டிய பாதை 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் நிறைவேறியது. முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு வந்த தொழிற்கொள்கைத் தீர்மானமும், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டமும் இந்த வழியில்தான் அமைந்தன. இன்றைக்கும் இந்தியப் பொருளாதார வரலாற்றை எழுதுகிறவர்கள் 'ஆவடி' என்ற பெயரைச் சொல்லாமல் அந்தக் காலத்தைத் தாண்ட முடியாது. நாம் மின்சார ரயிலில் "ஆவடி வந்துடுச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் கேட்கிற அதே ஆவடி.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாதை பிடித்ததா என்றால் இல்லை. பிடிக்காதவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. சுதந்திர இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர், சென்னை மாகாண முதலமைச்சர் என்று எல்லாப் பதவிகளையும் பார்த்தவர். 1954 வரை அவர்தான் இங்கே முதலமைச்சர். அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று அவர் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தை 'குலக்கல்வித் திட்டம்' என்று எதிர்த்துப் பெரிய போராட்டம் எழுந்தது. ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது.

இந்த இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருந்தும் எதிரெதிர்க் கோஷ்டிகள் என்று பெயர் வாங்கியவர்கள். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாக்கிரக யாத்திரையை நடத்தியவர் ராஜாஜி. அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர்களில் ஒருவர் இளைஞர் காமராஜர். இரண்டு பேரும் காந்தியைப் பின்பற்றியவர்கள். இரண்டு பேருமே எளிமையாக வாழ்ந்தவர்கள், கதர் தவிர வேறு உடுத்தாதவர்கள். ஏழைகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. அப்படியிருந்தும் வழி ஏன் இவ்வளவு தூரம் விலகிப் போனது?

என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். அவரவர் எதைப் பார்த்து வளர்ந்தார்களோ, எதற்குப் பயந்தார்களோ, அதிலிருந்துதான் அவரவர் வழி பிறந்தது.

காமராஜர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். படிப்பைப் பாதியில் விட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். கையில் முதல் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு யாராவது கை கொடுக்காவிட்டால் அவன் அங்கேயே நின்றுவிடுவான் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அரசாங்கம் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், சோறு போட வேண்டும், தொழிற்சாலை கொண்டுவர வேண்டும் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் என்ன?

ராஜாஜியின் அனுபவம் வேறு. அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நிர்வாகத்தை உள்ளே இருந்து பார்த்தவர். 1952இல் அவர் முதலமைச்சரானபோது உணவு தானியங்களுக்கு ரேஷனும் கட்டுப்பாடும் இருந்தன. அதை எடுத்தால் என்ன ஆகுமோ என்று பலரும் பயந்தார்கள். ராஜாஜி துணிந்து எடுத்தார். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மக்களை அவர்கள் பாட்டுக்கு விட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு அதனால் இன்னும் உறுதியாகியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் ஓர் அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று வந்துவிட்டால், உழைக்கிறவன் கை கட்டி நிற்பான், அனுமதி கொடுக்கிறவன் கை நீட்டி நிற்பான் என்பது அவர் கவலை. 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்' என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவர்தான்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. நம்மில் பலர் 60இலேயே "இனிமே என்ன சார்" என்று சொல்லிவிடுகிறோம். அவர் 80 வயதில், பிரதமராக இருந்த பழைய நண்பரை எதிர்த்துப் புதுக் கட்சி தொடங்கினார். 1967 தேர்தலில் அந்தக் கட்சிக்கு மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. எதிர்க்கட்சிகளில் அதுதான் பெரியது.

இதுவரை சொன்னது நிறையப் பேருக்குத் தெரிந்த கதைதான். இவ்வளவு சண்டைக்கு நடுவில் அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன்.

முதலில் காமராஜர். 1954இல் கட்சியின் சட்டமன்றத் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். ராஜாஜியின் ஆதரவு பெற்றவர். காமராஜர் ஜெயித்தார். ஜெயித்தவர் தோற்றவரை ஓரங்கட்டுவதுதானே நாம் வழக்கமாகப் பார்ப்பது? காமராஜர் தம் சிறிய அமைச்சரவையில் சுப்பிரமணியத்தைச் சேர்த்து, நிதியையும் கல்வியையும் அவரிடமே கொடுத்தார். ராஜாஜி அமைச்சரவையில் இருந்த எம். பக்தவத்சலமும் தொடர்ந்து அமைச்சரானார். பக்தவத்சலம் நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் நசரத்பேட்டையில் பிறந்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. இதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கலாம். இருக்கட்டும். எதிர்த்து நின்றவனிடமே கஜானா சாவியைக் கொடுப்பதற்கு, கணக்கைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் வேண்டும். அந்தச் சுப்பிரமணியம்தான் பின்னாளில் மத்திய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழி செய்தவர். காமராஜருக்குப் பின் முதலமைச்சரானவர் பக்தவத்சலம்.

அடுத்து ராஜாஜியும் நேருவும். 1962 செப்டம்பரில், நேருவின் பொருளாதாரக் கொள்கையை வாராவாரம் விமர்சித்துக்கொண்டிருந்த ராஜாஜி அமெரிக்கா போனார். காந்தி சமாதான நிதியத்தின் சார்பில், அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி அதிபர் கென்னடியைச் சந்தித்துப் பேசினார்.  அணு ஆயுதம் வேண்டாம் என்பதில் அவரும் நேருவும் ஒரே பக்கம். ஒரு விஷயத்தில் சண்டை என்பதற்காக எல்லா விஷயத்திலும் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 1964 மே மாதம் நேரு காலமானபோது, தம்மைவிடப் பதினொரு வயது இளையவர் தமக்கு முன்னால் போய்விட்டாரே என்று மனம் நொந்து எழுதினார். பத்து வருடம் அவரோடு மல்லுக்கு நின்றது கொள்கைக்காக, ஆனால் போனது ஓர் அருமையான நண்பர் என்பதே அதன் கருத்து.

கடைசியாக ராஜாஜியும் காமராஜரும். 1971 தேர்தலில் தமிழ்நாட்டில் பழைய காங்கிரஸும் சுதந்திராக் கட்சியும் ஒரே அணியில் நின்றன. நாற்பது வருடப் போட்டியாளர்கள் ஒருவருக்காக ஒருவர் ஓட்டுக் கேட்டார்கள். அந்த அணி மோசமாகத் தோற்றது. அடுத்த ஆண்டு, 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தார். காமராஜர் 1975 அக்டோபர் 2இல், காந்தி ஜயந்தி அன்று மறைந்தார்.

சரி, யார் சொன்னது சரி? வாசகர்களே, வாசலுக்குப் போய் நம் பகுதியைப் பாருங்கள்.

மேற்கே ஆவடி. பாதுகாப்புத் தளவாட உற்பத்தி அரசாங்கத்துக்கு மட்டுமே என்று 1956 தொழிற்கொள்கை ஒதுக்கி வைத்தது. 1961இல் இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து வெளியே வந்தது. நாம் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்வது இதைத்தான். குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஷிஃப்ட், பென்ஷன் என்று ஒரு முழு வாழ்க்கை முறையே அதைச் சுற்றி வளர்ந்தது.

கிழக்கே அம்பத்தூர். அங்கே 1949இலேயே முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து சைக்கிள் தொழிலைத் தொடங்கியது. நம் வயதுக்காரர்கள் ஓட்டிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் அங்கிருந்து வந்தவை. பிறகு 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இடத்தை எடுத்து, ரோடு போட்டு, ஷெட் கட்டிக் கொடுத்தது அரசாங்கம். அப்போது முதலமைச்சர் காமராஜர், தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் என்றிருந்த ஆட்சியில் உருவான தொழிற்பேட்டைக் கொள்கை அது. ஆனால் ஷெட்டுக்குள்ளே லேத் வாங்கிப் போட்டு, கடன் தலைக்கு மேல் ஏற, ராப்பகலாக உழைத்தவர்கள் தனி மனிதர்கள். ஆவடித் தீர்மானம் கட்டிக் கொடுத்த கூரைக்குக் கீழே ராஜாஜி நம்பிய மனிதர்கள் தொழில் செய்தார்கள். டேங்க் ஃபேக்டரி ஆட்களும் எஸ்டேட் ஆட்களும் ஒரே சி.டி.எச். ரோட்டில், ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று நம் பிளாக்குகளில் பாதிப் பேர்.

நான் 1984இல் வேலைக்குச் சேர்ந்தது ஓர் அரசுடைமை வங்கியில். 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆனதை ராஜாஜி எதிர்த்தார். சாதாரணக் குடும்பத்துப் பி.காம். பையனான எனக்குப் பரீட்சை எழுதி வேலை கிடைத்தது அந்த வழியால்தான். எனவே நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்குப் புரியும்.

முதலில் ஆவடியில் ஒரு கிளை. சம்பளம் வந்த மறுநாள் காலையில் கவுண்ட்டர் முன்னால் வரிசை நிற்கும். ஆர்.டி. கார்டை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். பொண்ணு கல்யாணத்துக்கு ஒன்று, பையன் படிப்புக்கு ஒன்று, மனை வாங்க ஒன்று. அவர்களைப் பார்த்தால் எனக்கு என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். என் அப்பா ஒரு சிறிய கடையில் கணக்கு எழுதினார். கடை மூடியபோது எனக்கு வயது பன்னிரண்டு. மாதக் கடைசி என்றால் என்ன என்று அந்த இரண்டு வருடத்தில் தெரிந்துகொண்டேன். அதனால்தானோ என்னவோ, பாஸ் புக்கில் ஒரு தொகை அசையாமல் இருந்தால்தான் எனக்கு இன்றும் தூக்கம் வரும்.

பிறகு எஸ்டேட் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல். அங்கே வருகிறவர்கள் வேறு ரகம். நகத்திலே கிரீஸ். ஓவர்டிராஃப்ட் எப்போதும் லிமிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். "சார், சனிக்கிழமை கூலி போடணும், இன்னிக்குச் செக் ரிட்டர்ன் ஆகாமப் பாத்துக்குங்க" என்பார்கள். பழைய கடன் அடைவதற்குள் புது மெஷினுக்கு அப்ளிகேஷன் போடுவார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் அப்படி ஒருவரைப் பற்றி முணுமுணுத்தபோது, பக்கத்தில் இருந்த மூத்த அதிகாரி சொன்னார்: "லெட்ஜர்ல மைனஸ் மட்டும் பாக்காதேப்பா. அந்த மைனஸ்ல எட்டுக் குடும்பம் சாப்பிடுது." கேட்டேன், தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள் போகவில்லை என்பது முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது நம் பொதுக்குழுவுக்கு வருகிறேன். அன்று வராதவர்களுக்காக: லிஃப்ட் இரண்டையும் மாற்ற வேண்டும், மாடியில் சோலார் போட வேண்டும், இதற்கு கார்ப்பஸ் ஃபண்டிலிருந்து எடுக்கலாம் என்று ஒரு தரப்பு. கார்ப்பஸைத் தொடக் கூடாது, எஃப்.டி. வட்டி வரட்டும், லிஃப்டை ரிப்பேர் செய்து ஓட்டலாம் என்று என் தரப்பு. எடுக்கலாம் என்று பேசியவர்களில் ஒருவர், ஆறு வருடமாகத் தினமும் காலையில் என்னோடு வாக்கிங் வருகிறவர். எஸ்டேட்டில் சிறிய பட்டறை வைத்து நடத்தியவர். அவரைப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "உங்க சொந்தப் பணமா இருந்தா இப்படிச் செலவு பண்ணுவீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து வாக்கிங்குக்கு வரவில்லை. மூன்று மாதம் நான் தனியாக நடந்தேன்.

அந்த நடையில்தான் ராஜாஜியும் காமராஜரும் மண்டைக்குள் வந்தார்கள். நான்காவது மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, "வாங்கண்ணா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். காபி வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்துத் தடுத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். "என் பட்டறையில ஒரு பழைய மெஷின் இருந்துது சார். மாத்தணும்னு தெரியும். பணத்தைத் தொட மனசு வராம ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். ஒரு பையனுக்கு விரல் போயிடுச்சு. அன்னையிலேருந்து, மாத்த வேண்டியதை மாத்தாம பணத்தைப் பூட்டி வெச்சிருந்தா எனக்குத் தூக்கம் வராது."

அதே தூக்கம்தான். எனக்குப் பணம் அசைந்தால் போகிறது, அவருக்குப் பணம் அசையாவிட்டால் போகிறது. ஆறு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தும் நான் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டதில்லை. அவரும் என் அப்பாவின் கடையைப் பற்றிக் கேட்டதில்லை.

அதனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கார்ப்பஸ் முழுவதையும் எடுக்கக் கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். லிஃப்ட் விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏ பிளாக் லிஃப்டுக்கு இன்னொரு ரிப்பேர் வேண்டாம் என்பது வரை வந்திருக்கிறேன். சோலார் பற்றி இன்னும் வாக்கிங்கில் சண்டை போடுகிறோம். ஆம், மறுபடி சேர்ந்து நடக்கிறோம்.

அடுத்த மாதம் பொதுக்குழு கூடுகிறது. நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். லிஃப்டுக்கும் சோலாருக்கும் மதிப்பீடு வாங்க ஒரு சிறு குழு போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். 'எடுக்கலாம்' தரப்பிலிருந்து ஒருவர், 'தொடாதே' தரப்பிலிருந்து ஒருவர் என்று போடுங்கள். ஒரே தரப்பு ஆட்களாகப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வராது. குழுவின் கணக்குப் பொறுப்பை என் வாக்கிங் நண்பரிடம் கொடுக்கலாம் என்று நானே முன்மொழிகிறேன். வவுச்சர்களை நான் சரிபார்த்துக் கொடுக்கிறேன், அது எனக்குப் பழகிய வேலை.

மற்றவர்களுக்கும் ஒன்று. கூட்டத்தில் ஒருவர் பேசுவது பிடிக்கவில்லை என்றால், கை தூக்குவதற்கு முன் அவர் எதற்குப் பயந்து இப்படிப் பேசுகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தெரியாவிட்டால் கூட்டம் முடிந்தபின் காபிக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் மூன்று மாதம் தாமதித்தேன். நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டத்தில் சந்திப்போம்.